சேர்ந்து சாப்பிட்ட ஒரு ராத்திரி

(பூந்தமல்லி ஒன்றியத்தில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வரும் ஊர், ஆட்களின் பெயர்கள் அவர் கேட்டுக்கொண்டபடி போடப்படவில்லை.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குழுவால் நான் அடைந்த பயன்". எனக்கு முன்னால் பேசின அக்கா தையல் மிஷின் வாங்கின கதையைச் சொன்னாங்க. நானும் கடன் வாங்கி மாடு வாங்கினவதான். பால் ஊத்தறேன், தவணை கட்டறேன். ஆனா அதைப் பத்தி இன்னைக்குப் பேசலை. ஒரு ராத்திரி, ஒரு வீட்டில், பத்துப் பேர் சேர்ந்து சாப்பிட்ட சாப்பாட்டைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. சாப்பாடுதானே என்று நானும்தான் நினைச்சிருந்தேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நீங்க எல்லாரும் போயிருப்பீங்க. அங்கே திருக்கச்சி நம்பிக்குத் தனிச் சன்னதி இருக்கு. அவர் நம்ம பூந்தமல்லியில் பிறந்தவர், வணிகர் குலம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுறது அவர் தொண்டு. ஆலவட்டம் என்றால் விசிறி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆள். அப்போ காஞ்சிபுரத்தில் குடும்பத்தோடு இருந்த ராமானுஜர், பிராமணர். இவருக்கு நம்பி மேல் அவ்வளவு மரியாதை. ஒரு நாள் "எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று நம்பியைக் கூப்பிட்டார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தானும் சாப்பிடணும் என்பது ராமானுஜர் ஆசை. மனைவி தஞ்சமாம்பாளிடம் நல்லா சமைக்கச் சொல்லிவிட்டு, நம்பியை அழைத்துவர ஒரு தெரு வழியாகப் போனார். நம்பியோ இன்னொரு தெரு வழியாக வந்துவிட்டார். கோயிலுக்குப் போக நேரமாச்சு, இருக்கிறதைப் போடும்மா என்றார். அந்த அம்மா போட்டாங்க. அவர் சாப்பிட்டுப் போனார். உடனே அந்த அம்மா மிச்சச் சோற்றை வெளியே கொடுத்துவிட்டு, அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு, புருஷனுக்குப் புதுசாக உலை வைத்தாங்க. திரும்பி வந்த ராமானுஜர் பார்க்கிறார், அடுப்பில் புது உலை கொதிக்குது. வைணவ குருபரம்பரை நூல்களில் இந்தக் கதை இருக்கு.

கதை சொல்றவங்க எல்லாரும் அந்த அம்மாவைத்தான் திட்டுவாங்க. நானும் சின்ன வயசில் திட்டியிருக்கேன். இப்போ அப்படித் தோணலை. ராமானுஜர் மனசு மாறியிருக்கலாம். ஆனா தெருவில் கூப்பிட்டது அவர், அடுப்பங்கரையில் நின்னது அந்த அம்மா. பிறந்த வீட்டில் என்ன சொல்லிக் கொடுத்தாங்களோ அதைச் செஞ்சாங்க. உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியிருந்தா என்ன ஆகியிருக்குமோ. எந்தப் பாத்திரம் யாருக்கு, எந்த டம்ளர் கொல்லைப்புறத்தில் தனியா கவிழ்ந்திருக்கணும், யாருக்கு வாசல்படி வரைக்கும், இதையெல்லாம் வீட்டில் காப்பாத்திக்கிட்டு வர்றது யார்? ஆம்பளைங்க டீக்கடையில் ஒண்ணா நின்னு குடிச்சுட்டு வந்துடறாங்க. வீட்டில் அந்தச் சாவி நம்ம இடுப்பில்தான் இருக்கு.

எங்க குழு 2012-ல் ஆரம்பிச்சது. பதினாலு பேர். ஒன்பது பேர் ஊர்த் தெரு, ஐந்து பேர் காலனி. குழு என்றால் எல்லாரும் சமம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தாங்க. நாங்களும் தலையாட்டினோம். வாரம் ஒருத்தர் வீட்டில் கூட்டம் என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருக்கோம். ஆனா காலனி உறுப்பினர் வீட்டு முறை வந்தா மட்டும் "பள்ளிக்கூடத் திண்ணை நிழலா இருக்கு, அங்கேயே வச்சுக்கலாம்" என்போம். பதினோரு வருஷமா அந்தத் திண்ணைக்கு மட்டும் வெயிலே அடிக்கலை போல.

எங்க கணக்கை எழுதுற தங்கச்சி காலனிதான். எங்களில் அதிகம் படிச்சவ அவதான், பன்னிரண்டாவது. பாங்கு மேனேஜர் கேள்வி கேட்டா நாங்க எல்லாரும் அவ முகத்தைப் பார்ப்போம். குழு ஆரம்பிச்ச புதுசில் ஒரு நாள் கையெழுத்து வாங்க அவ வீட்டுக்குப் போனேன். உட்காருங்கக்கா என்று டீ போட்டுக் கொண்டு வந்தா. எனக்குக் கை நீளலை. "எனக்குச் சர்க்கரை வந்துடுச்சும்மா, டீ குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன். எனக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. வாயில் வந்த பொய். அவ டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. நான் அதை மறந்தும் போயிட்டேன்.

இதுக்கு நடுவில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. ஊரும் காலனியும் பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாச் சோறு தின்னோம். யாரும் யாரையும் கேட்கலை. தண்ணி வடிஞ்சது, அவங்கவங்க வீட்டுக்குப் போனோம், பழைய மாதிரியே ஆச்சு. ஆகஸ்ட் 15-ல் கோயில்களில் பொது விருந்து போடுவாங்க, அங்கேயும் போய் உட்காருவோம். கல்யாண மண்டபத்தில் யார் சமைச்சதுன்னு யாருக்குத் தெரியும்? ஓட்டலில், கடையில் தீண்டாமை பார்த்தா குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்தாச்சு. ஆனா ஒருத்தி தன் வீட்டில் சமைச்சு, வாங்கன்னு கூப்பிட்டா போறதும் போகாததும் நம்ம இஷ்டம். அங்கே போலீசும் வராது, கலெக்டரும் வரமாட்டார்.

நம்ம ஒன்றியத்தில் குத்தம்பாக்கம் இருக்கு. 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவராக வந்த இளங்கோ, பொறியாளர் வேலையை விட்டுட்டு வந்தவர். அவர் காலத்தில் அங்கே கட்டின சமத்துவபுரத்தில் வீடெல்லாம் இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேற சாதிக் குடும்பம். குழம்பு தாளிச்சா சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல் வரும். அந்த மாதிரி எங்க ஊரில் இல்லை. எங்க ஊரில் நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம், அப்புறம் காலனி.

இப்போ 2023-க்கு வர்றேன். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் காலை உணவுத் திட்டத்தை அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாத்துக்கும் விரிவாக்கினாங்க. சமைக்கிறது யார்? நம்மள மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள். செப்டம்பரில் டி.வி.யில் ஒரு செய்தி வந்தது. தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டின்னு ஒரு கிராமம். தலித் பெண் சமைச்சாங்கன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சாப்பிடலை. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் இதே பிரச்சனைக்கு கலெக்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை எங்க கூட்டம், அதே திண்ணையில். எல்லாரும் இதையே பேசினோம். "சே, என்ன ஜனங்க, பச்சைப் பிள்ளைங்க மனசுல போய் விஷத்த வெக்கிறாங்களே" என்று நான்தான் சத்தமா சொன்னேன். தங்கச்சி தலை நிமிராம வரவு எழுதிக்கிட்டிருந்தா. எழுதி முடிச்சு, பேனாவை மூடி வச்சுட்டு, அமைதியாத்தான் கேட்டா. "அந்தப் பொண்ணு சமைக்க ஆரம்பிச்சு ரொம்ப நாளு கூட ஆவலக்கா. நம்ம குழு ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆவுது. எங்க வூட்டு டம்ளரு இன்னும் உங்க யாரு கையிலயும் படலியே."

திண்ணையில் ஒரு சத்தம் இல்லை. தூரத்தில் ரைஸ் மில் ஓடுற சத்தம் கேட்டது. பிறகு அவளே சொன்னா: "நாயித்துக்கிழம ராத்திரி எங்க வூட்ல சாப்பாடு. மறுநாளு பொரட்டாசி பொறக்குது, அப்புறம் ஒரு மாசம் நீங்க கவிச்சி தொடமாட்டீங்க. வர்றவங்க வாங்க." கூட்டம் முடிஞ்சது.

அந்த மூணு நாளும் எங்க தெருவில் வேற பேச்சே இல்லை. அந்த வருஷம் புரட்டாசி ஒண்ணாம் தேதியே பிள்ளையார் சதுர்த்தி. ஒருத்தங்க "வீடு கழுவிட்டேன், கவிச்சி சாப்பிட முடியாது" என்றாங்க. ஒருத்தங்களுக்குத் திருநின்றவூரில் விசேஷம். ஒருத்தங்க வெளிப்படையாவே "எங்க வீட்டுக்காரர் வெட்டிப் போட்டுடுவாரு" என்றாங்க. அவங்க சொன்னதாவது உண்மை. ஊர்த் தெரு ஒன்பது பேரில் கடைசியில் கிளம்பினது ஐந்து பேர். எங்க மாமியார் என்னைத் தடுக்கலை. "நீ போ, உன் இஷ்டம்" என்று சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. தடுத்திருந்தா சுலபமா இருந்திருக்கும், அதைச் சாக்காக வச்சு நின்னிருப்பேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்து பேரும் வாய்க்காலைத் தாண்டினோம். என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நெஞ்சு அடிச்சுக்கிச்சு. பாங்கில் லோன் கேட்கப் போனப்போ கூட அப்படி அடிக்கலை.

வீட்டுப் பின்னால் கல் அடுப்பு. தங்கச்சியும் அவ பொண்ணும் களி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. நொய்யைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை மேலே குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, மூடி வேக விட்டிருந்தா. மாவு வெந்த வாசனை தெருவரைக்கும் வருது. பானையை இறக்கிக் கிண்டும்போது ஒருத்தி பானையை இறுகப் பிடிக்கணும். பொண்ணுக்குச் சூடு தாங்கலை. எங்களில் மூத்த அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அறுபத்திரண்டு வயசு. "தள்ளுடி, நீ எல்லாம் களி கிண்டி யாரு தின்றது" என்று சொல்லிச் சேலையைச் சொருகிக்கிட்டு, ரெண்டு சாக்குத் துணியைப் பிடிச்சு உட்கார்ந்துட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்தில் எங்களுக்கு விருந்தாளி என்கிற கூச்சம் போயிடுச்சு. ஒருத்தி வெங்காயம் உரிச்சா, ஒருத்தி தேங்காய் துருவினா. அக்கா கையை நனைச்சுக் களியைத் தொட்டுப் பார்த்து, "ஒட்டல, வெந்துடுச்சு" என்றதும்தான் உருண்டை பிடிச்சோம்.

குழம்பு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் மொச்சையும் போட்டது. மத்தியானமே வச்சு இறக்கிட்டா, ராத்திரிக்குள் புளி ஊறிக் கெட்டியாகி எண்ணெய் மேலே நின்னது. கருவாடு தொடாத ஒருத்திக்குச் சின்னச் சட்டியில் தனியா கத்திரிக்காய்க் குழம்பு. முருங்கைக்கீரை வேர்க்கடலைப் பொடி தூவிப் பொரிச்சிருந்தா. சுடுசோறு, மிளகு ரசம், அப்பளம். வாழை இலை அவங்க வீட்டுக்காரர் திருமழிசையிலிருந்து வாங்கிட்டு வந்து போட்டுட்டு, "நீங்க பொம்பளைங்க பேசுவீங்க, நான் இருக்கல" என்று டி.வி. பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டார். நல்ல மனுஷன்.

பத்துப் பேரும் தரையில் ரெண்டு வரிசையா உட்கார்ந்தோம். தங்கச்சி பொண்ணு பரிமாறினா. மூத்த அக்கா இலைக்கு முன்னால் உட்கார்ந்து சும்மாவே இருந்தாங்க. என்னக்கா, சாப்பிடுங்க என்றேன். "இல்லடி, எனக்கு யாரும் போட்டு நான் சாப்பிட்டதே இல்ல. சட்டியில ஒட்டுனத வழிச்சுத்தான் பழக்கம்" என்றாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை என்று வந்திருக்கு. பயிற்சியில் இதைச் சொன்னப்போ நான் எழுதிக்கிட்டேன், அவ்வளவுதான். அந்த அக்கா சொன்னப்போதான் அது யாரைப் பத்தின கணக்குன்னு புரிஞ்சது. அன்னைக்கு அக்கா ரெண்டு உருண்டை களி சாப்பிட்டாங்க. மூணாவதும் கேட்டாங்க.

முதல் வாய் எனக்கு எப்படி இறங்கிச்சுன்னு கேட்கறீங்களா? உள்ளதைச் சொல்றேன், தொண்டையில் ஒரு நொடி நின்னது. நாற்பத்தஞ்சு வருஷப் பழக்கம் அங்கே நின்னது. அப்புறம் காரமும் புளிப்பும் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணி வந்து, ரெண்டாவது வாய்க்குக் கை தானா போச்சு. அப்படி ஒரு குழம்பு எங்க வீட்டில் நான் வச்சதில்லை. நடுவில் கரண்ட் போச்சு. செல்போன் வெளிச்சத்தில் யார் இலையில் யார் கை வைக்கிறாங்கன்னு தெரியலை. "என் கருவாட்ட யாருடி எடுத்தது" என்று ஒருத்தி கத்த, இருட்டில் பத்துப் பேரும் சிரிச்ச சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. ஆவடி கம்பெனிக்கு வேலைக்குப் போறவ சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டினா. மாமியார் கதை, பாங்கு கதை, மாடு கதை. மணி பத்தாகிப் போச்சு.

கடைசியா சேமியா பாயசம். எல்லாருக்கும் டம்ளரில் ஊத்திக்கிட்டே வந்த தங்கச்சி எனக்கு மட்டும் ஊத்தலை. வேற டம்ளர் கொண்டு வந்து வச்சா. வெறும் பால். "உங்களுக்குச் சர்க்கரையாச்சேக்கா. அதான் சோறு மட்டும் வெக்காம களியும் கிண்டுனேன்" என்றா.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் ஓடலை. அப்புறம்தான் அந்த டீ ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தின டீ. பத்துப் பேர் முன்னாடி என்ன சொல்றது? டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்: "எனக்குச் சர்க்கரை இல்லம்மா. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா" என்றா. "மக்களைத் தேடி மருத்துவத்துல உங்க விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணி எழுதுனதே நான்தான? நூத்தி நாலு இருந்துச்சு. நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன்."

அது நிஜம். அவ அந்தத் திட்டத்தில் தன்னார்வலர். வீடு வீடா வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பா. என் விரலைப் பிடிச்சு ஊசி குத்தியிருக்கா, என் கையில் துணி கட்டி பிரஷர் பார்த்திருக்கா. அப்போ எல்லாம் எனக்குத் தீட்டுத் தெரியலை. டம்ளர் மட்டும் தான் தெரிஞ்சது. இதைச் சொல்ல எனக்கு இன்னைக்கும் நாக்கு கூசுது. அவ பாயசத்தைக் கொண்டு வந்து ரெண்டு டம்ளர் ஊத்தினா. "பதினோரு வருஷத்து பாக்கி, குடிங்க" என்றா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், ஆனா பாயசம் இறங்க நேரமாச்சு.

வீட்டுக்கு வந்தப்போ கொல்லைப்புறத்தில் ஒரு பக்கெட் தண்ணி, மேலே துண்டு. மாமியார் எடுத்து வச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. நானும் பேசலை. கால் மட்டும் கழுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். காலையில் அந்தத் தண்ணியை மாட்டுக்கு ஊத்தினேன். அன்னைக்குத்தான் எனக்குத் திருக்கச்சி நம்பி கதை ஞாபகம் வந்தது. தஞ்சமாம்பாளுக்கும் யாரோ ஒரு மாமியார் பக்கெட் எடுத்து வச்சுத்தான் பழக்கியிருப்பாங்க.

அதுக்கப்புறம் எல்லாம் சரியாகிடுச்சுன்னு சொன்னா அது பொய். வராத நாலு பேரில் ஒருத்தங்க குழுவை விட்டே போயிட்டாங்க. அவங்க சேமிப்பைக் கணக்குப் பார்த்து திருப்பிக் கொடுத்தோம். ரெண்டு பேர் அடுத்த தை மாசச் சாப்பாட்டுக்கு வந்தாங்க. ஒருத்தங்க இன்னும் வரலை, ஆனா டீ குடிக்கிறாங்க. கூட்டம் இப்போ முறைப்படி எல்லார் வீட்டிலும் நடக்குது. திண்ணையில் ஆடு கட்டியிருக்கு.

அவங்க வீட்டில் நான் சாப்பிட்டது பாதிதான். அவங்களை என் வீட்டுக்குள் கூப்பிடறது மீதி. அதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. தள்ளிக்கிட்டே போனேன். கடைசியில் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். மாமியார் அன்னைக்குக் காலையிலேயே திருமுல்லைவாயல் மக வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. அடுப்பங்கரையில் தங்கச்சி வந்து நின்னு, "என்னக்கா, குழம்புல மொச்ச வேவவே இல்ல" என்று குறை சொன்னா. பதினோரு வருஷத்தில் முதல் தடவையா என் வீட்டுக் குழம்பை ஒரு சிநேகிதி குறை சொன்னா. ராத்திரி மாமியார் வந்து பாத்திரம் எல்லாம் எண்ணிப் பார்த்தாங்க. எதுவும் தனியா எடுத்து வைக்கலை. ஏன்னு நான் கேட்கலை.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எங்க வீட்டு முறை. மாமியார் மக வீட்டுக்குப் போறாங்களா, இருக்காங்களான்னு இன்னும் வாயைத் திறக்கலை. ஆனா நேத்து காலையில் முறத்தில் கேழ்வரகு புடைச்சுக்கிட்டே, "எத்தினி பேரு வர்றீங்க, எவ்ளோ அரைக்கிறது" என்று கேட்டாங்க. பன்னிரண்டு பேர் என்று சொல்லியிருக்கேன். மாவு மில்லுக்குப் போகணும், மூணு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது அஞ்சரைக்குத்தான். அதனால் இத்தோடு முடிச்சுக்கறேன்.